அரசாணை யூனிகோடில், ஆபீஸ் பழைய ஃபாண்ட்டில்

அரசு அலுவலகத்திலிருந்து தமிழில் ஒரு வேர்டு ஃபைல் வந்துவிட்டால், எங்கள் கடைப் பையன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. “எந்த ஃபாண்ட்டுங்கண்ணா?” என்றுதான் கேட்பான். கோயம்புத்தூர் கணபதியில் டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறவனுக்கு இது தினப்படித் தலைவலி.

போன வாரம் லேத் பட்டறைக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த படிவத்தை நீட்டினார். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும், தலையில் புள்ளியும் கொக்கியும் வைத்த ஏதோ ஐரோப்பிய எழுத்தும். “ஏனுங், இது நம்ம கவருமெண்ட்டு லெட்டர்தானுங்களா?” என்றார். தமிழ்தான். யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்ட்டில் அடித்த தமிழ்; அந்த ஃபாண்ட் இல்லாத மிஷினில் இப்படித்தான் பல்லிளிக்கும். கன்வெர்ட்டரில் போட்டால் இன்னொரு கூத்து. சர்வே நம்பரின் உட்பிரிவில் இருக்கும் ஆங்கில ‘ஏ’, ஜிஎஸ்டி நம்பரில் இருக்கும் எழுத்துகள் எல்லாவற்றையும் தமிழ் என்று நினைத்து மாற்றி வைத்துவிடும். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். ஒன்று கண்ணில் தப்பினால் அடுத்தவன் காட்டு நம்பர் ஆகிவிடும்.

இத்தனைக்கும் அரசு அலுவலகங்களுக்கு யூனிகோடுதான் என்று அரசாணை வந்த நாள் 2010 ஜூன் 23. அன்றுதான் இதே கோயம்புத்தூர் கொடிசியாவில் செம்மொழி மாநாடு தொடங்கியது. யூனிகோடு ஒத்துவராத இடத்துக்கு டேஸ்16 என்ற இன்னொரு குறியாக்கத்தை மாற்றாகவும் சொல்லியிருந்தார்கள். அந்த மாநாட்டோடு அறிவித்த செம்மொழிப் பூங்காவைக்கூட 15 வருஷம் கழித்து 2025ல் திறந்துவிட்டார்கள். ஃபாண்ட்தான் இன்னும் மாறவில்லை.

கேட்டால், “நாங்க லினக்ஸே போட்டமுங்களே” என்பார்கள். போட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 2007 வாக்கில் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தலைமையில் இருந்த காலத்தில் மாநில அரசு நிறுவனமான எல்காட் லினக்ஸுக்கு மாறியது. மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. நல்ல காரியம், லைசன்ஸ் காசு மிச்சம். ஆனால் லினக்ஸில் உட்கார்ந்து பழைய ஃபாண்ட்டில் அடித்தால் என் கடைக்கு வருவது அதே கந்தரகோளம்தான். காசு கொடுத்து வாங்கிய வேர்டில் யூனிகோடில் அடித்தால் ஒரு தொந்தரவும் இல்லை.

கணபதிப் பட்டறையில் செய்த பம்புக்கு ஒண்டிப்புதூரில் வாங்கிய நிப்பிள் மாட்டுகிறதல்லவா? மரை அளவு ஊருக்கெல்லாம் ஒன்று. அது திறந்த தரநிலை, யூனிகோடு மாதிரி. பம்பின் டிராயிங்கையே கையில் கொடுத்து நீயும் வார்த்துக்கொள் என்றால் அது திறந்த மூலம், லினக்ஸ் மாதிரி. டெல்லியில் இந்த வித்தியாசம் தெரிந்துதான் முன்னதற்கு 2010 நவம்பரில் ஒரு கொள்கை, பின்னதற்கு 2015ல் ஒரு கொள்கை என்று தனித்தனியாகப் போட்டார்கள். இரண்டும் வரட்டும். ஆனால் பட்டறைக்காரரைக் கேட்டால் முதலில் மரை சேரட்டும் என்பார்.

டைப்பிஸ்ட்டுகளுக்குப் பழைய கீபோர்டுதான் பழக்கம் என்று ஒரு சாக்கு. யூனிகோடிலும் பழைய தட்டச்சு முறையில் அடிக்கலாம். விரல் போகிற இடம் மாறவே வேண்டாம், உள்ளே போய் உட்காரும் எழுத்துதான் மாறுகிறது. அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இதை எத்தனை ஆபீஸில் எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று!

பட்டறைக்காரர் படிவத்தை யூனிகோடில் சுத்தமாக அடித்துக் கொடுத்தோம். மறுநாளே திரும்பி வந்தார். “எங்க சிஸ்டத்துல எடிட் பண்ண வரலையாமுங். பழைய ஃபாண்ட்லயே அடிச்சுட்டு வரச் சொல்றாங்க.” திரும்ப மாற்றிக் கொடுத்தோம். போக ஒரு சார்ஜ், வர ஒரு சார்ஜ். வாங்க எனக்கே கூச்சமாக இருந்தது, வாங்காமலும் இருக்க முடியவில்லை.