மூன்று வயதுக் குழந்தைக்குப் படிப்பா? தண்டனையா?

நமது நாட்டில் மூன்று வயதுக் குழந்தை மண்ணில் விளையாடினால் "கெட்டுப் போகின்றது" என்கின்றோம். அதே குழந்தையைப் பெஞ்சியில் உட்கார வைத்து, கையில் பென்சிலைத் திணித்து, அர்த்தம் தெரியாத எழுத்தைப் பக்கம் பக்கமாய் எழுத வைத்தால் "படிக்கின்றது" என்கின்றோம். இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை வேறு என்ன வேண்டும்?

விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதிவிட்டால் கல்வி வந்துவிடும் என்று நம்புகின்றவனைப் பார்த்து நாம் சிரிக்கின்றோம். அப்படிச் சிரிக்கின்ற நம்மவர்களே, குழந்தை நோட்டில் நாலு பக்கம் எழுதி வந்தால் அறிவு வந்துவிட்டதாகப் பூரித்துப் போகின்றார்கள். அரிசி போய் நோட்டு வந்ததே தவிர, நம்பிக்கை மாறவில்லை.

மனிதனின் மணிக்கட்டில் சிறு எலும்புகள் எட்டு இருக்கின்றன. மூன்று வயதில் அவற்றில் பெரும்பாலானவை இன்னும் குருத்தாகவே இருக்கும். அந்தக் கைக்கு ஏற்ற வேலை மண்ணைப் பிசைவதும், தண்ணீரை மொண்டு ஊற்றுவதும், விதையைப் பொறுக்குவதுமேயாகும். அப்படிச் செய்து செய்துதான் பின்னால் பென்சில் பிடிக்கும் பலமும் அதற்கு வருகின்றது.

சொப்பு வைத்து விளையாடும் குழந்தைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். நாலு பேருக்கு நாலு இலை போடுகின்றார்கள், அது கணக்கு. ஒருவனுக்குக் குறைந்தால் சண்டை வருகின்றது, அது நியாயம். "நான் அம்மா, நீ கடைக்காரன்" என்று பேசுகின்றார்கள், அது பாஷை. உபாத்தியாயர் பிரம்பைக் காட்டியும் புகுத்த முடியாத மூன்று பாடங்கள் பிரம்பில்லாமலே நடந்துவிடுகின்றன.

இந்த உண்மையைக் கண்டு ஒரு சர்க்காரே பயந்த கதையும் உண்டு. ஜெர்மனியில் பிராபெல் என்பவர் 1837-ல் சிறு குழந்தைகளுக்கென்று ஒரு நிலையம் ஆரம்பித்து, 1840-ல் அதற்குக் "கிண்டர்கார்ட்டன்", அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயர் வைத்தார். நூல் பந்தும், மரக் கட்டையும், பாட்டுமே அங்கு பாட புஸ்தகம். 1851-ல் பிரஷ்ய சர்க்கார் இத்தோட்டங்கள் நாஸ்திகத்தை வளர்க்கின்றன என்று சொல்லித் தடை விதித்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பிராபெல் ஆழ்ந்த தெய்வ பக்தியுள்ளவர்! அடுத்த வருஷமே அவர் இறந்து போனார். தடை நீங்கியதோ 1860-ல்தான். கட்டையை அடுக்கி, "ஏன் விழுந்தது?" என்று தானே யோசிக்கின்ற குழந்தை, நாளை வேறு பலவற்றைப் பற்றியும் "ஏன்?" என்று கேட்குமல்லவா? கேள்வி கேட்காதவர்களே வேண்டும் என்கின்றவர்களுக்கு மனப்பாடந்தான் சௌகரியம்.

நிற்க. நம்மவர்களில் சிலர் ஒரு ஆட்சேபணை சொல்லுகின்றார்கள். "தலைமுறை தலைமுறையாய் எங்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. இப்பொழுதுதான் பள்ளிக்கூட வாசலை மிதிக்கின்றோம். இந்தச் சமயத்தில் விளையாடச் சொல்லுவது எங்களைப் பழையபடி பின்னுக்குத் தள்ளுகின்ற சூழ்ச்சியல்லவா?" என்கின்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நமது பதில் என்னவென்றால், இன்று விளையாட்டு யாருக்குக் கிடைக்கின்றது என்று பாருங்கள் என்பதேயாகும்.

மாண்டிசோரி அம்மையார் என்ற வைத்தியர் 1907-ல் ரோமாபுரியில் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த பகுதியில்தான் தமது முதல் குழந்தைகள் வீட்டைத் திறந்தார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களைப் பழக்கினார். ஆனால் இன்று அவர் பெயர் எங்கே தொங்குகின்றது? பெரும்பாலும் சம்பளம் அதிகமான பள்ளிகளின் வாசலில்! பணக்காரன் பிள்ளை மணியும் கட்டையும் வைத்து விளையாடி அறிவு பெறுகின்றது. கூலிக்காரன் பிள்ளையோ கடன் வாங்கிக் கட்டிய பணத்தில், மூச்சுவிட இடமில்லாத அறையில், புரியாத இங்கிலீஷைக் கூவிக்கொண்டிருக்கின்றது. அப்படியானால் நமக்கு மறுக்கப்படுவது எது? எழுத்தா, விளையாட்டா?

பின்லாந்து தேசத்தில் பள்ளிக்கூடப் படிப்பு ஏழாவது வயதில்தான் ஆரம்பமாகின்றது. அதற்கு முன் பெரும்பாலும் விளையாட்டே பாடம். அதனால் அந்நாட்டார் தற்குறிகளாகிவிடவில்லை. நமது நாட்டிலும் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ பரீட்சித்துப் பார்க்கக்கூடாதென்றும், மீறினால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் என்றும் சொல்லுகின்றது. சட்டம் இருந்தும், பெற்றோர் வாய்மூடிக் கைகட்டி நின்றால் அது யாரைக் காப்பாற்றும்?

ஆகவே தோழர்களே! 1975 முதல் நமது ஊர்களில் அங்கன்வாடிகள் இருந்து வருகின்றன. "அங்கே விளையாட்டுத்தானே" என்று அவற்றை இகழாதீர்கள். விளையாட விடுவதற்காகவே உங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். அங்கே இடமில்லையென்றால் இடம் கேளுங்கள். விளையாட்டுச் சாமான் இல்லையென்றால் சாமான் கேளுங்கள். அங்கே வேலை செய்கின்ற பெண்ணுக்குப் பதிவேடு எழுதுவதே வேலையாயிருந்தால், அந்தப் பாரத்தைக் குறைத்து நல்ல சம்பளம் கொடுக்கும்படி சர்க்காரைக் கேளுங்கள். மாலையில் வீடு வரும் குழந்தையிடம் "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்று மிரட்டாமல், "இன்றைக்கு யாரோடு விளையாடினாய்?" என்று கேளுங்கள்.

எந்தத் தெருப் பிள்ளையோடும் பேதமில்லாமல் மண்ணில் உட்கார்ந்து விளையாடிப் பழகிய குழந்தைதான் நாளைக்கு யாருக்கும் தலை குனியாத மனிதனாகும். அந்த மூன்று வருஷத்தையும் பிடுங்கிக்கொண்டு பிறகு சுயமரியாதையைப் போதிப்பது, வேரை வெட்டிவிட்டு இலைக்குத் தண்ணீர் ஊற்றுவது போலாகும்.