கரித்துண்டு போதும்

"வரைய ஆசைதான், கருவிகளுக்கு எங்கே போவது?" என்று கேட்கும் நண்பர்கள் நம் மன்றத்தில் பலர். கடையில் பன்னிரண்டு பென்சில்கள் அடங்கிய தகரப் பெட்டியைப் பார்க்கின்றனர், விலையைக் கேட்கின்றனர், ஓவியம் வசதி படைத்தோர்க்கே உரியது என்று முடிவு கட்டித் திரும்பிவிடுகின்றனர். அம்முடிவு தவறு என்பது என் கருத்து. அதிலும் மனித உருவம் வரையப் பழகுவோர்க்கு அப்பெட்டியால் உதவி குறைவு, தடையே மிகுதி.

இன்றைய பென்சில் பிறந்ததே பற்றாக்குறையில்தான். இங்கிலாந்தோடு மூண்ட போரால் பிரான்சு நாட்டுக்கு நல்ல கிராபைட் வருவது நின்றது. கான்டே என்பவர் 1795இல், மட்டமான கிராபைட்டைத் தூளாக்கிக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டார். களிமண் மிகுந்தால் கடினமான 'எச்'. கிராபைட் மிகுந்தால் மெதுவான, கரிய 'பி'. பெட்டியிலுள்ள பன்னிரண்டும் இக்கலப்பளவில்தான் வேறுபடுகின்றன. என் பையில் இருப்பவை இரண்டே: 2பி ஒன்று, 6பி ஒன்று. இரண்டும் நம் நாட்டில் செய்தவை. இன்றுவரை குறையொன்றும் கண்டதில்லை.

எனினும், உருவம் வரைய நான் முதலில் எடுப்பது கரித்துண்டையே. நம் முன் நிற்பவர் சிலையல்லர். இரண்டு நிமிடத்தில் கால் மாற்றி நிற்பார். கூரிய பென்சில் கையிலிருந்தால் கண் புருவத்திலும் நகத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். விரல்கள் மட்டுமே அசையும். முகம் முடியுமுன் ஆள் அசைந்துவிடுவார். கரித்துண்டைப் படுக்கவைத்து இழுத்துப் பாருங்கள். தோளிலிருந்து கை முழுதும் அசையும். உடலின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது, இடுப்பு எப்பக்கம் சாய்கிறது என்பவை முதலில் தாளில் இறங்கும். பிழைத்தால் பழந்துணியால் தட்டிவிடலாம். செய்தித்தாள் அச்சிடும் மலிவான தாளே போதுமாதலால், தாள் வீணாகிறதே என்ற அச்சமும் இராது. அச்சம் அகன்ற கைதான் விரைவில் தேறும்.

இக்கரியும் விலைக்கு வாங்க வேண்டியதன்று. திருக்காளத்தியில் கலம்காரித் துணி வரைவோர் சுட்ட புளியங்குச்சியால்தான் முதற்கோடு இடுகின்றனர். உலர்ந்த குச்சிகளைத் தகரக் குவளையில் நெருக்கி அடுக்கி, மூடியில் சிறு துளையிட்டு நெருப்பில் வையுங்கள். புகை நின்றதும் எடுத்து, நன்றாக ஆறிய பின்னரே திறவுங்கள். காற்று புகாமையால் குச்சி சாம்பலாகாது; கரியாகும்.

"விலை உயர்ந்த பென்சில் தரமானதன்றோ?" எனலாம். உண்மையே. கோடு சீராக விழும். முனை எளிதில் ஒடியாது. நுணுக்கமான வேலைக்கு அது வேண்டும். ஆனால் உடலின் நிலையைக் காணத் தெரிந்த பிறகே நுணுக்கம் பயன் தரும். வண்ணம் தீட்டாத கோட்டுச் சித்திரத்திற்குப் 'புனையா ஓவியம்' என்று பெயரிட்டவர் பழந்தமிழர். ஓவியர் ஆதிமூலம் (1938–2008) காந்தியடிகளைக் கறுப்பு மைக் கோடுகளாலேயே கண்முன் நிறுத்தினார். அக்கோடுகளின் ஆற்றல் மையின் விலையால் வந்ததன்று.

ஆகவே மன்றத்திற்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினால், ஆண்டு முழுவதற்கும் தாளும் அட்டையும் வாங்கிவிடலாம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் கூடுவோம். ஒருவர் மாற்றி ஒருவர் நிற்போம், மற்றவர் வரைவோம். உதவித்தொகையில் படிக்கும் மாணவரும், வீட்டிலிருந்து பணம் வரும் மாணவரும் அங்கே ஒரே கரியைப் பிடிப்பர். யாருக்குக் கை வரும், யாருக்கு வராது என்பதைப் பெட்டியின் விலை முடிவு செய்ய வேண்டாம். பயிற்சி முடிவு செய்யட்டும்.