சார்ஜென்ட்டை எங்கே விட்டீர்கள்?

காரோய் தகாச் கதையை நீங்கள் எப்படியும் கேட்டிருப்பீர்கள். பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் கதை தெரியும். கம்பெனி செலவில் ஏ.சி. ஹாலில் நடக்கும் டிரெயினிங்கில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிற நேரமாகப் பார்த்து எடுத்துவிடுவார்கள். ஹங்கேரி ராணுவ வீரர். பிஸ்டல் சுடுவதில் கில்லாடி. 1938-ல் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து வலது கை சிதைந்துபோச்சு. மனுஷன் அசரவில்லை. இடது கையால் சுடப் பழகி, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம்! கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கில் கேள்வி வரும்: ‘‘ஒரு கை போனவரே சாதிச்சிட்டார். உங்களுக்கு என்ன சார் குறைச்சல்?’’

கதை பொய்யில்லை. என் சண்டை அந்தக் கேள்வியோடுதான்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது வரவுப் பக்கத்தை மட்டும் காட்டினால், உடனே நோட்டைப் பின்னோக்கிப் புரட்டுவார்கள். நீங்களும் புரட்டுங்கள். இரண்டே வருஷம் முன்னால், 1936. பெர்லின் ஒலிம்பிக். தகாசுக்கு வயது 26. இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. உலகத் தரத்தில் சுடுகிறார். ஆனாலும் ஹங்கேரி அணியில் இடமில்லை. ஏன்? அவர் வெறும் சார்ஜென்ட். ஆபீசர்களுக்கு மட்டும்தான் இடம் என்பது விதி. குண்டு வெடிப்பதற்கு முன்பே ஒரு காகிதம் அவர் கையைக் கட்டிப் போட்டுவிட்டது.

கூத்தைக் கேளுங்கள். அதே பெர்லினுக்கு அதே ஹங்கேரி, வாட்டர் போலோ அணியில் ஒலிவேர் ஹலாஷி என்பவரை அனுப்பியது. சின்ன வயதிலேயே இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அணி தங்கம் வாங்கியது. ஆக, குளத்தில் கால் இல்லாதது தடையாக இல்லை. துப்பாக்கி சுடும் இடத்தில் தோள்பட்டையில் பட்டை குறைந்தது தடையாகிவிட்டது!

பெர்லினுக்குப் பிறகு அந்த விதி போனது. சரி, 1940-ல் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவருக்குத்தான் குண்டு வெடித்தது. ஒரு மாசம் ஆஸ்பத்திரி. பிறகு யாருக்கும் சொல்லாமல் இடது கைப் பயிற்சி. 1939-ல் தேசிய சாம்பியன். அப்புறம்? உலகப் போர். 1940, 1944 ஒலிம்பிக் இரண்டும் ரத்து. லண்டனில் இறங்கும்போது வயது 38.

அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், மைக் பிடிப்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. பிஸ்டல் போட்டி எல்லோருக்குமே ஒற்றைக் கை விளையாட்டு. அதனால் தகாசின் சிக்கல் ஒரு கை இல்லாதது அல்ல. பழகாத கை மட்டும் மிச்சமிருந்தது. அவரே ரைபிள் சுடுகிறவராக இருந்திருந்தால்? மன உறுதி அதேதான். கதை வேறு மாதிரி போயிருக்கும்.

லண்டனில் அர்ஜென்டினாவின் உலக சாம்பியன் தியாஸ், ‘நீங்கள் எங்கே இந்தப் பக்கம்?’ என்று கேட்க, ‘கற்றுக்கொள்ள வந்தேன்’ என்றாராம். சுட்டது 580 புள்ளி, உலக சாதனை. தியாசுக்கு 571. ‘நன்றாகவே கற்றுக்கொண்டீர்கள்’ என்று அவர் கை குலுக்கியதாகச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1952 ஹெல்சிங்கியிலும் தங்கம். சக ஹங்கேரியர் சிலார்ட் குன்னை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார். 1956 மெல்போர்னில் எட்டாவது இடம். அங்கே மட்டும் மைக் ஆஃப் ஆகிவிடும். மன உறுதியா குறைந்துபோச்சு? வயசு 46 ஆச்சு, அவ்வளவுதான்.

இப்போது அந்த ஏ.சி. ஹாலின் கடைசி வரிசையைப் பாருங்கள். வேலையில் கெட்டிக்காரர், ஆனால் கிரேடு கம்மி என்பதால் வருஷக்கணக்காகப் பிரமோஷன் கிடைக்காதவர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். ஹாலுக்கே வர முடியாதவர் இன்னொருத்தர்; வாசலில் எட்டுப் படி, சாய்தளம் கிடையாது. இந்த இரண்டு பேரிடமும் போய் ‘தகாசைப் பார்’ என்பது எந்த ஊர் நியாயம்? படி கட்டினவனுக்கும் கிரேடு போட்டவனுக்கும் அந்தக் கதையில் ஒரு வரிகூட இல்லையே!

அடுத்த முறை அந்தக் கேள்வி மைக்கில் வந்தால், எழுந்து நின்று திருப்பிக் கேளுங்கள்: ‘‘சார், 1936-ல் அந்த விதிக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு என்ன டிரெயினிங் கொடுத்தீர்கள்?’’