சாவியைத் திருப்பாமல் இருப்பதும் ஒரு ரிப்பேர்தான்

மழைக்காலம் வரப்போகிறது. கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

யூடியூப் பார்த்து வீட்டிலேயே காரைச் சரிசெய்வதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன், கோளாறு என்ன, அது நம் கை வேலையா, மெக்கானிக் வேலையா என்று தெரிய வேண்டும். நம்மில் பலர் சறுக்குவது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். 'டக் டக்' சத்தத்தோடு விளக்கு மங்கினால், பெரும்பாலும் கரன்ட் போதவில்லை. பேனட்டைத் திறந்து பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருக்கலாம். பேட்டரியின் அமில ஆவியால் வருவது அது. நம் ஊர் உப்புக்காற்றும் அதற்குத் துணைபோகும். என்ஜினை அணைத்து, கையுறை போட்டு, முனைகளைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த நீரும் பழைய பிரஷ்ஷும் கொண்டு தேய்த்தால் போய்விடும். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரின் பாடி மைனஸோடு இணைந்திருப்பதால், வரிசை மாறி ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

விளக்கு பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். 'வண்டி ஓடல' என்று மட்டும் சொல்லாமல், பார்த்ததைச் சொல்லுங்கள். டாக்டரிடம் சொல்வது போலத்தான். விவரமாகச் சொல்பவரிடம் தேவையில்லாத பாகத்தை மாற்றச் சொல்ல யாரும் யோசிப்பார்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் தண்ணீரில் நின்றன. இப்படி வெள்ளம் வடிந்ததும், 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பத்தான் கை போகும். அதைவிடப் பெரிய தவறு வேறில்லை.

சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்துவது காற்றை. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால், மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதுவரை தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினால் பிழைத்திருக்கக்கூடிய என்ஜினை, அந்த ஒரு திருப்பு முழுதாகப் பிரிக்க வைத்துவிடும்.

செலவும் நம் தலையில் விழலாம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வரும் என்ஜின் சேதத்துக்கு, 'என்ஜின் புரொடெக்‌ஷன்' சேர்க்காத சாதாரண காப்பீட்டில் பணம் கிடைப்பது கடினம். பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

தண்ணீர் கதவின் கீழ்விளிம்பைத் தாண்டியிருந்தால், வடிந்த பிறகு மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, டோயிங் வண்டிக்குச் சொல்லுங்கள். தள்ளியும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், இங்கே காரோடு தனியாக இருக்கும் அப்பா அம்மாவிடம் இதைப் போனில் சொல்லிவிடுங்கள்.