சட்டம் சுருங்கியது, விலக்கு நீடிக்கிறது: வருமான வரியின் 165 ஆண்டுப் பயணம்

புது தில்லி: 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட புதிய சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் 2025 ஆகஸ்ட் 21-ஆம் தேதி ஒப்புதல் அளித்தார். அது நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது. 819 பிரிவுகள் 536 ஆகக் குறைந்துள்ளன. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரட்டைக் கணக்கு நீங்கி, ‘வரி ஆண்டு’ என்ற ஒரே சொல் இடம்பெற்றுள்ளது. மொழி எளிமையாகியிருப்பது உண்மை. ஆனால், யாரிடம் வரி பெறுவது, யாரை விடுவிப்பது என்ற கேள்வியில் புதிய சட்டமும் ஆங்கிலேயர் போட்டுவைத்த கோட்டின் மீதே நடக்கிறது.

இந்தியாவில் வருமான வரி பிறந்தது 1860-இல். 1857 கிளர்ச்சியை அடக்க ஆன செலவு கருவூலத்தைக் காலிசெய்திருந்தது. அதைச் சீர்செய்ய லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர், ‘தி எகனாமிஸ்ட்’ இதழின் நிறுவனர் ஜேம்ஸ் வில்சன். அவர் கொண்டுவந்த வரி 1860 ஜூலை 24 முதல் அமலானது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு விலக்கு. 500 ரூபாய் வரை 2 சதவீதம். அதற்கு மேல் 4 சதவீதம்.

எதிர்ப்பு முதலில் எழுந்த இடங்களில் ஒன்று, சென்னையின் ஆளுநர் மாளிகை என்பது பலரும் அறியாத செய்தி. சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவல்யன், புதிய வரிகளுக்குப் பதிலாகச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டார். வாதிட்டதோடு நில்லாமல், தமது எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளிலும் வெளியிடச் செய்தார். அரசின் உட்பூசல் இவ்வாறு அம்பலமானதை லண்டன் பொறுத்துக்கொள்ளவில்லை. பதவியிலிருந்து அவர் திரும்ப அழைக்கப்பட்டார். வரி அமலான சில வாரங்களில், அதே ஆண்டு ஆகஸ்டில், வில்சன் கல்கத்தாவில் நோயுற்று இறந்தார். சில ஆண்டுகளில் டிரெவல்யனே நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1865-இல் அந்த வரி காலாவதியானது. வரலாறு சில வேளைகளில் இத்தகைய கணக்கையும் தீர்த்துவைக்கிறது.

அதன்பின் உரிம வரியாகவும், மீண்டும் வருமான வரியாகவும் வந்து வந்து போன இந்த ஏற்பாடு, 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் நிலைகொண்டது. 1860-இல் நிலத்திலிருந்து வந்த வருமானமும் வரிக்கு உட்பட்டிருந்தது. 1886-ஆம் ஆண்டுச் சட்டமோ வேளாண் வருமானத்தை முற்றாக விலக்கியது. நிலவரி ஏற்கெனவே அரசின் மிகப் பெரிய வருவாய். அதன் மேல் இன்னொரு வரி கூடாது என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வேளாண் வருமான வரியை மாகாணங்களிடம் ஒப்படைத்தது. அரசமைப்புச் சட்டமும் அதை மாநிலப் பட்டியலிலேயே வைத்தது.

1922-ஆம் ஆண்டுச் சட்டம் வரி விகிதங்களை ஆண்டுதோறும் நிதிச் சட்டத்தில் நிர்ணயிக்கும் முறையைத் தந்தது. பிப்ரவரியில் சம்பளக்காரர்கள் நிதியமைச்சர் உரைக்காகக் காத்திருக்கும் வழக்கத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

விடுதலைக்குப் பின் விகிதங்கள் மேல்நோக்கி ஓடின. 1973-74-இல் 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு 85 சதவீத வரி, அதன் மேல் 15 சதவீதக் கூடுதல் வரி, ஆக 97.75 சதவீதம். நூறு ரூபாய் கூடுதலாக ஈட்டியவரின் கையில் எஞ்சியது 2 ரூபாய் 25 காசு. உயர் விகிதமே வரி ஏய்ப்பைத் தூண்டுகிறது என்று வாஞ்சு குழு 1971-லேயே எச்சரித்திருந்தது. 1974-75-இல் உச்ச விகிதம் 77 சதவீதமாகவும், 1985-இல் வி.பி. சிங் காலத்தில் 50 சதவீதமாகவும் இறங்கியது. 1997-இல் ப. சிதம்பரம் 10, 20, 30 என்று மூன்று படிகளை வகுத்தார்.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் வேளாண் விலக்கை எவரும் அகற்றவில்லை. கே.என். ராஜ் குழுவின் 1972-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின், பிற வருமானத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் வேளாண் வருமானத்தைச் சேர்த்துப் பார்க்கும் முறை வந்தது. தேயிலையைப் பயிரிட்டுத் தாமே பதப்படுத்தும் நிறுவனங்களின் வருமானத்தில் 40 சதவீதம் தொழில் வருமானமாகக் கருதப்பட்டு மத்திய வரிக்கு உட்படுகிறது. விலக்கின் சுவரில் இவை சிறு சாளரங்களே.

விலக்கைத் தாங்கி நின்ற நிலவரியோ இன்று மாநிலங்களின் வருவாயில் பெயரளவுக்கே உள்ளது. சிறு விவசாயி பாதிக்கப்படுவார் என்ற வாதமும் முன்போல் வலுவாக இல்லை. 2025 பட்ஜெட்டின்படி, புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள தனிநபர் வரி செலுத்த வேண்டியதில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் நில உடைமைகளில் 86 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. அந்த வயல்களின் வருமானம் இந்த வரம்பை எட்டுவது அரிது. ஆகவே, விலக்கினால் பெரும் பயன் அடைவோர் பெருநில உடைமையாளர்களும், பிற வருமானத்தை வேளாண் வருமானம் என்று காட்டுவோருமே.

மத்திய அரசு நினைத்தாலும் இதில் நேரடியாகக் கைவைக்க முடியாது. அதிகாரம் மாநிலங்களிடம் உள்ளது. விவசாயிகளின் வாக்குகளை நம்பியிருக்கும் மாநில அரசுகளுக்கோ அதைப் பயன்படுத்தும் துணிவு இல்லை.