காற்றாலைத் தூணை முதல் நாளே அளக்க வேண்டும்

கடல் காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய் ஒதுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழகக் கடலில் 500 மெகாவாட். மின்கட்டணம், மானியம், துறைமுகம் பற்றியெல்லாம் பேசுகிறோம். கடலடி மண்ணில் புதையப்போகும் அடித்தளம் பற்றியும் இப்போதே பேசியாக வேண்டும்.

ஐரோப்பியக் கடல் காற்றாலைகளில் பெரும்பாலானவை ஒற்றை எஃகுத் தூண்மீது நிற்கின்றன. தூணும் கோபுரமும் ஒருமுறை ஆடி முடிக்க ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். அந்தக் கணக்கை யோசித்துத்தான் வைக்கிறார்கள். புயல் அலை பத்து நொடிக்கு ஒன்றாக வந்து மோதும். சுழலி ஒரு சுற்றுச் சுற்றும் வேகம் ஒன்று, மூன்று இறக்கைகளும் அடுத்தடுத்துக் கோபுரத்தைக் கடக்கும் வேகம் இன்னொன்று. இவை எதனோடும் ஒத்துப்போகாத குறுகிய இடைவெளியில் தூணின் அதிர்வெண் நிற்க வேண்டும். நீரோட்டம் தூணடி மணலை அரித்தால் பிடிமானம் தளரும், அதிர்வெண் இறங்கும், ஆட்டம் கூடும். பற்றவைத்த இணைப்புகளின் ஆயுள் அப்போதே தேயத் தொடங்கிவிடும். பிரிட்டனின் ராபின் ரிக் காற்றாலைப் பண்ணையில் கடலடி மணல் நகர்ந்ததால் இரண்டு காற்றாலைகளை அகற்றவே நேர்ந்தது.

பெல்ஜியத்தின் பெல்விண்ட் பண்ணையில் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோபுரத்தில் முடுக்கமானிகளைப் பொருத்தி, இடைவிடாமல் அளந்தார்கள். ஓதம் ஏறி இறங்கினாலும், சுழலும் வேகம் மாறினாலும், இறக்கையின் கோணம் மாறினாலும் அதிர்வெண் சற்றே நகர்கிறது. அரிப்பு உண்டாக்கும் மாற்றம் இந்த அன்றாட நகர்வுக்குள்ளேயே மறைந்துவிடலாம். அன்றாட நகர்வைக் கழித்தால்தான் நோய் தெரியும். கழிப்பதற்கு, தூண் நலமாக இருந்த காலத்தின் எல்லாப் பருவங்களுக்கும் பதிவு வேண்டும். சில ஆண்டுகள் கழித்துச் சந்தேகம் வந்தபின் கருவி பொருத்தினால், எதனோடு ஒப்பிடுவது?

அளப்பதில் லாபமும் உண்டு. வட கடல் தூண்கள் பலவற்றில் அளந்த அதிர்வெண் வடிவமைப்பில் கணித்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. மண் எதிர்பார்த்ததைவிட இறுக்கமாகத் தாங்குகிறது. 20, 25 ஆண்டுகளுக்கென்று கட்டியதை மேலும் ஓட்டலாமா என்று தீர்மானிக்க இந்தப் பதிவு உறுதியான சான்று.

அதிர்வு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 2009-10 வாக்கில் ஐரோப்பியப் பண்ணைகள் பலவற்றில், தூணையும் கோபுரத்தையும் இணைக்கும் சிமென்ட் கலவை பிடி நழுவி மேற்பகுதி மெல்லக் கீழிறங்கியது. அதைக் கண்டுபிடிக்க இணைப்பையே நேரில் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே, முக்குளிப்போரின் சோதனையும் கடலடி அளவீடும் தொடரத்தான் வேண்டும்.

எல்லாக் காற்றாலைகளுக்கும் கருவி தேவையில்லை. ஆழமும் மண்ணும் மாறும் இடங்களில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால், தூண் இறங்கும் நாளிலிருந்தே அங்கே அளவீடு தொடங்க வேண்டும். பொதுப்பணம் மானியமாகப் போவதால், அந்தப் பதிவு நிறுவனத்தின் கணினியிலேயே முடங்கக் கூடாது. சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்துக்கு அது தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே சேர்க்க வேண்டும்.