நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? ரசீதைக் கேளுங்க!

பெண்ணாடம் மாதிரி ஊர்களில் பிள்ளைகள் அடம்பிடித்து நாய்க்குட்டி வாங்கும் வீடுகளில் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். விருத்தாசலத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ அட்டைப்பெட்டியில் ஒரு குட்டி வந்து இறங்கும். ஒரு மாதம்கூட நிறைந்திருக்காது. ‘சின்னதா வாங்கினாதான் நம்மகிட்ட ஒட்டும்’ என்று விற்றவர் சொல்லியிருப்பார். பெயர் வைக்க வீட்டில் சண்டையே நடக்கும். ரசீது மட்டும் யாரிடமும் இருக்காது.

அந்த விற்பனையே சட்டப்படி தப்பு. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். குட்டிக்குத் தடுப்பூசி போட்டு, மைக்ரோசிப்பும் வைத்த பிறகே கைமாற்ற வேண்டும். சிப் என்பது அரிசி மணி அளவுதான், தோலுக்கடியில் இருக்கும். ஸ்கேனரைக் காட்டினால் 15 இலக்க எண் வரும். பதிவு எண், தடுப்பூசி அட்டை, ரசீது மூன்றையும் கேட்டதும் விற்பவர் நழுவினால், வேறு இடம் பார்ப்பது நல்லது. தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டி நோயில் விழுந்தால், ஆஸ்பத்திரிக்கு அலைவது வாங்கியவர்தானே?

தெருவில் ஈன்ற குட்டியைச் சும்மா எடுத்து வளர்ப்பவருக்கு இந்த விற்பனை விதிகள் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் வந்தபின் நாட்டு நாயும் லேப்ரடாரும் சட்டத்துக்கு ஒன்றுதான். 3 மாதத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசி, பிறகு வருடா வருடம். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தை ஒட்டி கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடப்பது வழக்கம். உரிமம் பற்றிப் பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

‘எங்க நாய் ஒண்ணும் செய்யாது’ என்பதுதான் வளர்ப்பவர்கள் அதிகம் சொல்லும் வசனம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாய்க்கும் காயம். நாய்களின் உரிமையாளர் கைதானார். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கான பிரிவு 291. வளர்ப்பு விலங்கால் ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக இருந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாரையாவது கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது.

கடிக்குமோ என்ற பயத்தில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவதும் குற்றமே. 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் நாய்க்கென்றே ஒரு வரி இருக்கிறது: எப்போதும் சங்கிலியில் கிடக்கும் நாயை உடற்பயிற்சிக்கு அவிழ்த்துவிடாத உரிமையாளர் குற்றவாளி. முழ நீளச் சங்கிலியும் தண்ணீர் வைக்காததும் அதே பிரிவில் வருகின்றன. காலையும் மாலையும் வயல் வரப்பில் ஒரு நடை கூட்டிப்போனால், வளர்ப்பவரின் சர்க்கரைக்கும் நல்லது!

குட்டி வளர்ந்து, சாப்பாட்டுச் செலவு ஏறி, வீடு மாறும்போதுதான் பெரிய பாவம் நடக்கிறது. ராத்திரியில் வண்டியில் ஏற்றி, ஏரிக்கரையிலோ நெடுஞ்சாலையிலோ இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தக்க காரணமின்றிக் கைவிடுவதும் 11-வது பிரிவில் குற்றம்தான். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை. ஒரு டீ, வடைக் காசு! தண்டனையைக் கூட்டும்படி 2014-ல் ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே நாடாளுமன்றத்துக்குச் சொன்னது.

வளர்க்கவே முடியாத நிலை வந்தால், தெரிந்த ஒரு வீட்டைத் தேடி, தடுப்பூசி அட்டையோடு ஒப்படைக்கலாம். நாய் எதைச் சாப்பிடும், யாரைப் பார்த்தால் குரைக்கும் என்பதையும் சொல்லிவிட்டு வர வேண்டும்.